இடம்பெயர்ந்த அன்னையும் ஒரு பிடி மண்ணும்

சுவிற்சர்லாந்தில் வாழும் எம்மவர் வீடுகளுக்குச் சென்று வருபவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். சுவாமிப் படங்கள் வைத்திருக்கும் தட்டில், நல்லூர்க் கந்தனுக்கும் பிள்ளையாருக்கும் அருகே, பட்டாடை அணிந்து, முகமும் கைகளும் கரிய நிறமாய் விளங்கும் ஓர் அன்னையின் படம் இருக்கும். கத்தோலிக்கர் வீடுகளில் மட்டுமன்றிச் சைவர் வீடுகளிலும் இதனைக் காணலாம். கேட்டால், "கறுத்த மாதா" என்பார்கள். "அவவும் அம்மன்தானே" என்று சொல்வோரும் உளர்.

அய்ன்சீடெல்ன் என்னும் மலையூரில் வீற்றிருக்கும் அன்னை இவர். ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்கும் மடாலயம் ஒன்றில் அவருடைய சந்நிதி உள்ளது.

தாயகத்தில் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த காலத்தில், நாட்டார் நம்பிக்கைகள் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர் நாம். நேர்த்திக்கடன், மண் மருந்து, காகத்துக்குச் சோறு என்று வகை வகையாகப் பிரித்துக் கரும்பலகையில் எழுதுவோம். மாணவர்கள் அவற்றைக் குறிப்பேட்டில் பதிந்துகொள்வார்கள். நம்பிக்கை என்பது பிறருக்கு உரியது, ஆராய்ச்சி எமக்கு உரியது என்ற எண்ணம் அன்று எம்மிடம் இருந்தது. அந்த எண்ணத்தைச் சற்றே அசைத்துவிட்ட ஒரு நாளைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம்.

நேர்த்திக்கு ஒரு மலை

எம்முடன் வந்தவர் வன்னியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர். அவரது அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டின் முடிவுக்காகக் காத்திருப்பவர். தபாற்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கை நடுங்கும் நிலை எத்தகையது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

"அம்மம்மா கதிர்காமத்துக்குக் கால்நடையாப் போறதெண்டு எனக்காக நேர்த்தி வைச்சவ, சேர். சண்டையிலை அவவாலும் போகேலாமற் போச்சுது. நானும் இஞ்சை வந்திட்டன். இருக்கிற மலைக்காவது நடப்பம் எண்டு யோசிச்சன்" என்றார் அவர். சைவப் பிள்ளை, கந்தனுக்கு வைத்த நேர்த்தியை மாதாவின் மலையில் நிறைவேற்றப் புறப்படுகின்றார். இது பொருந்துமா என்று நாம் கேட்கவில்லை. அவருக்கும் அக்கேள்வி எழவில்லை.

சூரிச் ஏரியின் தென்கரையில் பெஃபிக்கோன் என்றோர் ஊர் உண்டு. அங்கிருந்து எற்செல் என்னும் மலையின் கணவாயைக் கடந்து அய்ன்சீடெல்ன் செல்லும் பாதை, ஸ்பெயின் நாட்டிலுள்ள புனித யாக்கோபின் ஆலயத்துக்குச் செல்லும் பழைய யாத்திரை வழிகளுள் ஒன்று. புகையிரதத்தில் சென்றால் சிறு பொழுதில் சேரக்கூடிய ஊருக்கு, நாம் காலை தொடங்கி மதியம் தாண்டும்வரை நடந்தோம். இலையுதிர் காலத்தின் பனிமூட்டம் ஏரியை மூடியிருந்தது. மேலே ஏற ஏற வெயில் தெளிந்தது.

கணவாயின் உச்சியில், ஏறத்தாழ 950 மீற்றர் உயரத்தில், ஒரு சிற்றாலயம் நிற்கின்றது. மைன்றாட் என்னும் துறவியின் பெயரால் அமைந்தது அது. 9ஆம் நூற்றாண்டில், றைஹெனவ் மடாலயத்தைச் சேர்ந்த இத்துறவி, தனிமையை நாடி இம்மலைக்கு வந்து குடிசை அமைத்தார் என்றும், அவரைத் தேடி மக்கள் திரளாக வரத் தொடங்கவே, இன்னும் உள்ளே, 'இருட்காடு' எனப்பட்ட வனத்துக்குள் சென்றார் என்றும் வரலாறு கூறும். அந்த வனமே இன்றைய அய்ன்சீடெல்ன். 'தனித்துறையும் துறவியர் இடம்' என்பது அப்பெயர் தரும் பொருள்.

துறவி வளர்த்த அண்டங்காக்கைகள் இரண்டைப் பற்றி இவ்வூர் மக்கள் சொல்லும் கதை சுவையானது. 861ஆம் ஆண்டு சனவரி மாதம் 21ஆம் நாள், கள்வர் இருவர் அவரிடம் வந்தனர். தம்மைக் கொல்ல வந்தவர்கள் என்று அறிந்தும் துறவி அவர்களுக்கு அப்பமும் பானமும் கொடுத்து உபசரித்தாராம். உண்டு முடித்தவர்கள் தடிகளால் அவரை அடித்துக் கொன்றனர். உடலருகே வைத்த மெழுகுதிரிகள் தாமாகவே பற்றிக்கொண்டன. அஞ்சி ஓடிய கொலைஞரை இரண்டு காக்கைகளும் கரைந்தபடியே சூரிச் நகர்வரை துரத்திச் சென்று காட்டிக்கொடுத்தன. அவை இன்றும் அய்ன்சீடெல்னின் ஊர்ச் சின்னத்தில் பறக்கின்றன.

சிற்றாலயத்தின் படியில் அமர்ந்து இக்கதையைச் சொன்னபோது, இளைஞர் தம் பையிலிருந்த பாணில் ஒரு துண்டைப் பிய்த்துப் புல்லில் வைத்தார். "எங்கடை வீட்டிலை காகத்துக்கு வைச்சுப்போட்டுத்தான் விரத நாளிலை சாப்பாடு" என்றவர், சிறிது நேரம் கழித்து, "காகம் எண்டாலும் சாட்சி சொல்லிச்சுதே, சேர்" என்றார். எமது மண்ணில் நடந்தவற்றுக்குச் சாட்சி சொல்ல முன்வந்தவர்கள் பட்ட பாட்டை இருவரும் எண்ணியிருக்க வேண்டும். அதன்பின் நெடுநேரம் பேச்சில்லை.

பாலமும் நீர்த்தேக்கமும்

மலையின் மறுபுறம் இறங்கினால் சீல் ஆறு. அதன் மேல் கூரை வேய்ந்த பழைய பாலம் ஒன்று. 'பிசாசுப் பாலம்' என்பது மக்கள் வழங்கும் பெயர். துறவியின் மலைக்கும் அன்னையின் ஊருக்கும் நடுவே பிசாசுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கின்றார்கள். எமது ஊர்களிலே கோயிலுக்குப் போகும் வழியில் முனிக்கும் ஒரு மரம் விட்டுவைப்பதில்லையா?

பாலத்தின் அருகேதான் மருத்துவ அறிஞர் பராசெல்சஸ் 1493ஆம் ஆண்டளவில் பிறந்தார். எப்பொருளும் நஞ்சே, அளவுதான் அதனை மருந்தாக்குகின்றது என்ற கருத்தை உலகுக்குத் தந்தவர். 1527இல் பாசல் நகரப் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் மொழியை விடுத்து, மக்கள் பேசும் ஜேர்மன் மொழியிலே விரிவுரை ஆற்றினார். மறு ஆண்டே அந்நகரைவிட்டு ஓட நேர்ந்தது. பின்னர் ஊர் ஊராக அலைந்து, 1541இல் சால்ஸ்பேர்க் நகரில் இறந்தார். விரிவுரை மண்டபத்தை இழந்த ஒருவரின் பிறந்த இடத்தில் நாம் சற்றே நின்றோம் என்று மட்டும் சொல்லிவைக்கின்றோம்.

அப்பால், மலையடிவாரத்தில் பரந்து கிடக்கும் நீர்ப்பரப்பு இயற்கையான ஏரி அன்று. மின்சாரம் பெறுவதற்காக அணை கட்டி 1937இல் நிரப்பப்பட்ட நீர்த்தேக்கம். பரப்பளவில் இந்நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் இதுவே. புகையிரதங்கள் ஓடுவதற்கான மின்சாரம் இந்நீரிலிருந்து கிடைக்கின்றது. அதற்காகப் பள்ளத்தாக்கின் விவசாயக் குடும்பங்கள் பல வீட்டையும் வயலையும் நீருக்குக் கொடுத்துவிட்டு வெளியேறின. செல்வம் கொழிக்கும் இந்நாட்டிலும், தண்ணீரைப் பார்த்து "எங்கள் காணி அதற்குள் இருந்தது" என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இருந்திருக்கின்றார்கள்.

பதினான்கு குழாய்கள்

மடாலயத்தின் முன்னாலுள்ள முற்றம் மிகப் பெரியது. அதன் நடுவே அன்னையின் உருவம் தாங்கிய நீரூற்று. அங்கே மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த ஆச்சி ஒருவர், தமது பேர்த்தியுடன் எமக்காகக் காத்திருந்தார். முழங்கால் நோவினால் அவர் புகையிரதத்தில் வந்திருந்தார். பேர்த்தி இந்நாட்டில் பிறந்து, இந்நாட்டுப் பாடசாலையில் பயில்பவள்.

நீரூற்றுக்குப் பதினான்கு குழாய்கள். இயேசு பிரான் ஒருமுறை இவ்விடம் வந்து ஒரு குழாயில் நீர் அருந்தினார் என்பது மக்களின் நம்பிக்கை. ஆனால் எந்தக் குழாய் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே ஒன்றும் தவறிவிடாதபடி யாத்திரிகர் பதினான்கிலும் ஒவ்வொரு மிடறு அருந்துவது வழக்கம்.

எமது இளைஞரும் வரிசையாகப் பதினான்கிலும் அருந்தினார். "நாங்களும் இப்பிடித்தானே, சேர். எந்தக் கதவு திறக்கும் எண்டு தெரியாமல் எல்லாக் கதவையும் தட்டிறம்" என்று சிரித்தார். அவர் சிரித்து நாம் கண்டது அன்று அதுவே முதன்முறை.

எமது பாடக்குறிப்பிலே இந்த நம்பிக்கை 'புனித நீர்' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாக முடிந்துபோயிருக்கும். தெரியாமையை ஒப்புக்கொண்டு, அதற்குள்ளும் ஒரு வழியைத் தேடிக்கொள்ளும் மக்களின் அறிவு அந்த ஒரு வரிக்குள் அடங்குமா?

அன்னையும் அகதியானார்

இன்றைய பேராலயம் 1735இல் திருநிலைப்படுத்தப்பட்டது. உள்ளே நுழைந்ததும் பொன்னும் ஓவியமுமாய் விதானம் எழுகின்றது. வாயிலின் அருகிலேயே, பெரிய கோயிலுக்குள் ஒரு சிறு கோயிலாக, கருஞ்சலவைக்கல்லால் அமைந்த சந்நிதி. துறவி மைன்றாட்டின் குடிசை இருந்த இடம் இதுவே என்பர். 948ஆம் ஆண்டு இதனை அபிசேகம் செய்ய வந்த ஆயரை ஒரு குரல் தடுத்து, இறைவனே இதனை அபிசேகம் செய்துவிட்டார் என்று அறிவித்ததாம். அந்நிகழ்ச்சியின் நினைவாகச் செப்டெம்பர் 14ஆம் நாள் இன்றும் பெருவிழா நடக்கின்றது.

உள்ளே, பொன்மயமான முகில்களின் நடுவே அன்னை நிற்கின்றார். 15ஆம் நூற்றாண்டின் மரச் சிற்பம். ஆளுயரத்துக்கும் குறைவுதான். திருவழிபாட்டுக் காலத்துக்கேற்ப ஆடை மாற்றி அலங்கரிக்கின்றார்கள். எமது கோயில்களில் அம்மனுக்குச் சாத்துப்படி செய்வது போன்றதே இதுவும்.

இவர் கறுப்பான கதையே எம்மை மிகவும் கவர்ந்தது. 1798இல் பிரெஞ்சுப் படைகள் சுவிற்சர்லாந்துக்குள் நுழைந்தன. படை நெருங்குகின்றது என்று அறிந்த துறவியர், அன்னையின் பிரதி ஒன்றைச் சந்நிதியில் வைத்துவிட்டு, உண்மைச் சிற்பத்தை மறைவாக அப்புறப்படுத்தினர். வந்த படையினர் பிரதியை மெய்யென்று நம்பிப் பாரிசுக்கு அனுப்பினர். சந்நிதியையும் இடித்துத் தள்ளினர். மெய்யான அன்னையோ மலைக்காட்டில் மண்ணுக்குள் புதைக்கப்பட்டு, பின்னர் அங்கிருந்து தோண்டி எடுக்கப்பட்டு, எல்லை கடந்து ஒஸ்ரியாவின் புளூடென்ஸ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

மண்ணுக்குள் கிடந்ததனால் சிற்பம் பழுதுற்றிருந்தது. 1799இல் யோஹான் ஆடம் ஃபூற்ஷர் என்னும் கலைஞர் அதனைப் புதுப்பித்தார். முகத்திலிருந்த கருமையை அகற்றியபோது, அடியில் மனித உடலின் இயல்பான நிறம் தென்பட்டது. பல நூற்றாண்டுகளாக எரிந்த மெழுகுதிரிகளும் விளக்குகளும் எழுப்பிய புகையே அன்னையைக் கறுப்பாக்கியிருந்தது. ஆனால் வெளுத்த முகத்துடன் நின்ற அன்னையை மக்கள் ஏற்கவில்லை. எங்கள் அன்னை கறுப்பு என்றே நின்றார்கள். கலைஞர் மீண்டும் கறுப்பு நிறம் பூசினார். இடம்விட்டு இடம் மாறிய அன்னை, ஐந்து ஆண்டுகளின் பின் 1803இல் ஊர் திரும்பினார்.

இதனை நாம் சொல்லி முடித்தபோது ஆச்சி சிறிதும் வியப்படையவில்லை. "மடு மாதாவும் இடம்பெயர்ந்தவதானே, தம்பி" என்றார்.

உண்மைதான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தம் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் புகுந்தன. அவ்வாறு உருவானதே மருதமடு. போர்க்காலத்தில் பல்லாயிரவர் தஞ்சம் புகுந்த இடமும் அதுவே. 1999 நவம்பரில் அங்கு வீழ்ந்த எறிகணைகளுக்குத் தஞ்சம் புகுந்தோரில் பலர் பலியாகினர். 2008 ஏப்ரலில் போர் வாசலுக்கு வந்தபோது, குருமார் மாதாவை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் மாதா திரும்பி வந்தார்.

"திரும்பிப் போனவ" என்றார் ஆச்சி, சந்நிதியைப் பார்த்தபடி. "ரண்டு பேரும் திரும்பிப் போனவையள்."

மண்ணே மருந்தாக

முற்றத்தின் வளைவில் வரிசையாகக் கடைகள். செபமாலை, மெழுகுதிரி, அன்னையின் சிறு உருவங்கள். ஒரு கடையில் முதிய சுவிஸ் பெண்மணி ஒருவர் இருந்தார். மக்களிடையே முன்னர் வழங்கிய நம்பிக்கைகளைப் பற்றிப் பேர்த்தியின் துணையுடன் அவரிடம் உசாவினோம்.

18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் இவ்வூர் யாத்திரிகர் வாங்கிச் சென்றவற்றுள், களிமண்ணை அச்சில் வார்த்துச் செய்த சிறிய மாதா உருவங்களும் அடங்கும். சந்நிதியின் மண்ணும் புனிதப் பொருட்களின் துகளும் அக்களிமண்ணில் கலந்திருந்தனவாம். வீட்டில் ஒருவர் நோயுற்றால் அவ்வுருவத்தைக் கத்தியாற் சுரண்டி, தூளை நீரிலோ உணவிலோ கலந்து கொடுப்பார்கள். மாட்டுக்கு நோய் கண்டாலும் அதுவே மருந்து. 'சுரண்டும் மாதா' என்றே அவற்றுக்குப் பெயர்.

"என் பாட்டி வீட்டில் ஒன்று இருந்தது. மூக்கும் கையும் தேய்ந்து போயிருந்தன. சிறுவயதில் அதைப் பார்க்க எனக்குப் பயம்" என்றார் கடைக்காரப் பெண்மணி. பேர்த்தி அதனைத் தமிழில் எடுத்துச் சொன்னாள்.

ஆச்சி ஒன்றும் பேசாமல் தமது கைப்பையைத் திறந்து, சீலைத்துணியில் முடிந்த சிறு பொட்டலம் ஒன்றை எடுத்தார். உள்ளே செம்மண். மடுக் கோயில் மண். பாம்பின் விடம் தீர்க்கும் என்று தலைமுறை தலைமுறையாக எம்மவர் எடுத்துச் செல்லும் மண். காட்டுக்குப் போகும் முன் கொஞ்சம் முடிந்துகொண்டு போவார்கள், வீட்டைச் சுற்றித் தூவுவார்கள், நீரில் கரைத்துக் குடிப்பார்கள்.

பாம்பு கடித்தவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும் என்பதில் எமக்கு எவ்வித ஐயமும் இல்லை. வாசகர்களுக்கும் அதையே வற்புறுத்துவோம். ஆனால் அன்று அந்தக் கடையில் பேசப்பட்டது மருந்தைப் பற்றியது அன்று.

"கொஞ்சம் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறா, அம்மம்மா" என்றாள் பேர்த்தி. ஆச்சி தலையசைத்தார். சுவிஸ் பெண்மணி ஒரு விரலால் மண்ணைத் தொட்டு, நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். பின்பு, இதனை யார் கொண்டுவந்து தந்தார்கள் என்று வினவினார்.

ஆச்சி பேர்த்தியைப் பார்த்துச் சொன்னார்: "உன்ரை மாமா தந்தவன் எண்டு சொல்லு. 2007இலை திருவிழாவுக்குப் போட்டு வரேக்கை எடுத்துக்கொண்டு வந்து, தானே முடிஞ்சு தந்தவன். இந்த முடிச்சு அவன் போட்டது. நான் அவிழ்த்தால் திரும்ப அதே மடிப்பிலைதான் கட்டுவன்."

2009 மே மாதத்தின் பின் அந்த மகனைப் பற்றி எவ்விதச் செய்தியும் இல்லை. உயிருடன் இருக்கின்றார் என்றோ இல்லை என்றோ ஆச்சிக்கு எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவருக்காகவே ஆச்சி ஒவ்வோர் ஆண்டும் இம்மலைக்கு வருகின்றார் என்பதை நாம் அறிந்திருந்தோம். பேர்த்தி அறிந்திருக்கவில்லை. அம்மம்மா வழக்கமாகப் போகும் கோயில், பையில் வழக்கமாக இருக்கும் பொட்டலம் என்றே அவள் எண்ணியிருந்தாள். அவள் அதனை மொழிபெயர்க்கத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டாள். "எனக்கு ஏன் அம்மம்மா ஒருநாளும் சொல்லேல்லை?" என்று தமிழிலே கேட்டாள்.

"நீ கேக்கேல்லையே, பிள்ளை" என்றார் ஆச்சி. குரலில் குறை இல்லை.

கடைக்காரப் பெண்மணிக்குச் சொற்கள் விளங்கியிரா. ஆயினும் எழுந்து சென்று ஒரு மெழுகுதிரியை எடுத்து வந்து ஆச்சியின் கையில் வைத்தார். விலை வாங்க மறுத்துவிட்டார்.

எதைக் கொண்டுவந்தோம்?

மாலை நான்கரை மணிக்குத் துறவியரின் மாலைச் செபம் தொடங்கியது. அது முடிந்ததும், அவர்கள் கரிய அங்கிகளுடன் வரிசையாக நடந்து வந்து சந்நிதியின் முன் நின்று, அன்னையைப் போற்றும் இலத்தீன் கீதத்தைப் பாடினர். நாள்தோறும் இது நடக்கின்றது. கேட்டவர்களுள் எத்தனை பேருக்கு இலத்தீன் விளங்கியிருக்கும்? நின்றவர்களில் ஐந்தாறு தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. ஓர் அம்மா நெற்றியில் திருநீற்றுடன் கைகூப்பி நின்றார்.

நம்பிக்கை என்பது கல்லாதவர் கையில் எஞ்சிக்கிடக்கும் பழம்பொருள் என்று எண்ணியவர்கள் நாம். அன்று எமக்கு வேறொன்று தோன்றியது. வீடு, காணி, பட்டம், பதவி ஆகியவற்றுள் எதையும் எல்லையில் எடுத்து வர முடியவில்லை. எடுத்து வர முடிந்தது ஒரு முடிச்சு மண்ணும், காகத்துக்கு ஒரு பிடி வைக்கும் பழக்கமும், ஒரு மலைக்கு நடப்பதாகச் செய்த வாக்குமே. முகத்தின் நிறம் மாறினால் எங்கள் அன்னை என்று அடையாளம் காணமாட்டோம் என்று அன்று இம்மக்கள் அடம்பிடித்ததும் இதனாலேயே போலும். எல்லாம் குலைந்த காலத்தில், தமக்குத் தெரிந்த முகம் ஒன்றாவது மாறாமல் இருக்கவேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள்.

ஆனால் முடிச்சு மட்டும் போதாது. அதை யார் போட்டார்கள் என்பதைச் சொல்லிவைக்கவேண்டும். எமது வீடுகளிலும் பெட்டிக்குள், கைப்பைக்குள், படத்தட்டின் பின்னால் இத்தகைய பொட்டலங்கள் பல உண்டு. பிள்ளைகள் கேட்கட்டும் என்று பெரியவர்களும், பெரியவர்கள் சொல்லட்டும் என்று பிள்ளைகளும் காத்திருக்கின்றார்கள். இரு சாராரில் யாராவது ஒருவர் இன்றே தொடங்கினால் நன்று.

திரும்பும் புகையிரதத்தில் ஆச்சி யன்னலோரம் அமர்ந்திருந்தார். பேர்த்தி தன் காதொலிக் கருவியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, "மாமா எப்பிடி இருப்பார், அம்மம்மா?" என்று கேட்டாள். ஆச்சி சொல்லத் தொடங்கினார். எதிரே இருந்த இளைஞர், அன்றைய தபாலைத் திறப்பதற்காகத் தம் சட்டைப்பையிலிருந்த திறப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.